கல் நட்டாயிற்று, நன்றி பாக்கி

ஊரில் இருப்பவர்களுக்கும், சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களுக்கும் வணக்கம்.

ஏரிக்கரை அரசமரத்தடியில் முன்னோர் நினைவுக் கல் நின்றுவிட்டது. கணக்கு நோட்டை மூடுமுன் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

முதலில், தம் பாட்டன் பெயரை விட்டுக்கொடுத்தவர்களுக்கு. காடு வெட்டி முதலில் குடியேறியது எங்கள் முன்னோர்தான் என்று நான்கு வீட்டார் வந்தார்கள். ஒருவரிடமும் ஓலை இல்லை, பட்டயம் இல்லை. (நான்கில் ஒன்று என் வீடு.) சண்டையிலேயே மூன்று கூட்டங்கள் போயின. அடுத்த கூட்டத்தில் காலனிப் பெரியவர் ஒருவர் எழுந்து, “கரைக்கு மண் சுமந்தவன் பெயர் எந்த வரியில் வரும்?” என்று கேட்டார். பெயர்களே வேண்டாம் என்று அப்போதே முடிவானது. அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஆகவே கல்லில் மண்வெட்டியும் கூடையும், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் சாலும் (வாளி) மட்டும் இருக்கின்றன. செங்கம் பக்கத்து நடுகற்களில், மாடு மீட்டு மாண்ட வீரர்கள் பல்லவர் காலத்திலிருந்து வில்லோடு நிற்கிறார்கள். அதே மாட்டைப் பூட்டி நீர் இறைத்தவனுக்கும் ஒரு கல் இருக்கட்டுமே.

மோட்டார் வந்தபின் பரணில் கிடந்த இரும்புச் சால் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்த பாட்டிக்கு நன்றி. சாலின் அடியில் கட்டும் தோல் குழாயான தும்பி எப்போதோ மக்கிவிட்டது. மாடுகள் பின்னே வந்தால் சால் கிணற்றில் இறங்கும், சரிவில் முன்னே போனால் ஏறும், மேலே வந்ததும் தும்பி நீரைக் கொட்டும் என்று சிற்பிக்கு நடந்தே காட்டினார். தும்பியைக் குட்டையாகச் செதுக்கியதற்குத் திட்டும் விழுந்தது. பொறுமையாகத் திருத்திய சிற்பிக்கும் நன்றி.

எந்த மாவட்டம் என்று பொறிப்பது? வட ஆர்க்காடு 1989இல் இரண்டானது. வேலூர் 2019இல் மூன்றானது. “அடுத்த முறை பிரித்தால் கல்லையும் மாற்றுவீர்களா?” என்று கேட்டு, ‘பாலாற்றுக்குத் தெற்கே’ என்று எழுதவைத்த தமிழாசிரியைக்கு நன்றி.

வருகிறேன் என்ற கிரேன் வரவில்லை. நூறு நாள் வேலை முடித்து வந்த பெண்கள்தான் வடம் பிடித்தார்கள். அன்று அவர்களுக்குத் தேநீர்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை, தவறு என்னுடையது.

கையில் மிச்சம் 1,140 ரூபாய். ஆடுகள் உரசுகின்றன, வேலி போடலாம் என்கிறார்கள் சிலர். உரசட்டும் என்கிறார் பாட்டி. ஞாயிறு மாலை மரத்தடிக்கு வாருங்கள், பேசுவோம்.

நன்றியுடன்,
கணக்கு எழுதியவன்