புகைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

பொதுக்குழு ஏப்ரலில் கூடியது. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தன்று மாட்டுங்காவில் சிறு கண்காட்சி வைத்தோம், நல்ல மழை. ஜனவரியில் பொங்கல் சாப்பாடு, 54 பேர் வந்தார்கள். பிப்ரவரியில் சிவ்ரி சேற்றுக்கரைக்கு ஃபிளமிங்கோ படமெடுக்கப் போனோம், ஒன்பது பேர் வந்தார்கள். மீதி 45 பேரும் சர்க்கரைப் பொங்கலின் உறுப்பினர்கள் என்று பொருளாளர் சொன்னார்.

இனி பழைய ஃபிலிம் ரோல் திட்டம். இதற்கு ஏன் சங்கப் பணம் என்று மூன்று கூட்டங்களில் கேட்டாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

படமெடுத்து முடித்தும் மருந்தில் கழுவாமல் (டெவலப் செய்யாமல்) விட்ட ரோல்கள் நம்மில் பலர் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன. போன வருடம் கொண்டுவரச் சொன்னபோது மொத்தம் 40 ரோல் தருவதாகக் கை தூக்கினார்கள். வந்தவை 17. அதில் இரண்டு வெறும் டப்பா, உள்ளே கிராம்பு இருந்தது. இன்னொன்றை உறுப்பினரின் பேரன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஜன்னலோரம் நின்று முழுசாக உருவிவிட்டான். ஆக 14.

எந்தக் காலத்து ரோல் என்று தெரியாமல் கழுவத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் எந்த மருந்து, எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. கோடக்கின் பழைய கலர் நெகட்டிவ்கள் சி-22 என்ற முறையில் 24 டிகிரியில் கழுவப்பட்டவை. 1972இல் வந்த சி-41 முறைக்கு ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும். பழைய ரோலை அந்தச் சூட்டில் போட்டால் ஜெலட்டின் பூச்சே கழன்று வந்துவிடும். பொறுக்க முடியாமல் ஒருவர் தன் கோடகலர்-எக்ஸ் என்ற பழைய சி-22 ரோலை ஒரு லேபில் கொடுத்தார். திரும்பி வந்தது கண்ணாடித் தாள். அதே ரகத்தில் இன்னொன்றை நாங்கள் கருப்பு வெள்ளையாகக் கழுவி ஆறு படம் மீட்டோம். கொடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, “கலர் எங்கே?” கோடகுரோம் என்ற கலர் ஸ்லைடு ஃபிலிம் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவும். அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30க்குப் பிறகு அவர்களும் ரோல் வாங்கவில்லை. இனி அதுவும் கருப்பு வெள்ளைதான்.

காலத்தைக் கண்டுபிடிக்க உறுப்பினர்களின் ஞாபகத்தை நம்பினோம், அது தப்பு. 35 மி.மீ. ரோலின் குப்பியில் கேமரா படிப்பதற்கான கருப்பும் வெள்ளியுமான கட்டங்கள் இருந்தால் அது 1983க்கு முந்தையதாக இருக்க முடியாது. உதகையில் தயாரான இந்து ஃபிலிமைக் கொடுத்து, “அப்பா 55இல் எடுத்தது” என்றார் ஒருவர். அந்த நிறுவனமே 1960இல்தான் தொடங்கியது. ஸ்டூடியோ உறையில் ‘மாட்டுங்கா, பம்பாய் 19’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972 ஆகஸ்டுக்கு முன். 400019 என்று இருந்தால் பின்கோடு வந்த பிறகு. இப்படி உறை, டப்பா, குப்பி எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் எழுதினோம்.

அந்த நோட்டால்தான் சங்கடம் வந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் (பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்) வெரிக்ரோம் பான் என்ற கருப்பு வெள்ளை ரோல் ஒன்று கொடுத்தார், 120 அளவு, பின்னால் காகிதம் வைத்துச் சுற்றியது. தன் கல்யாண வரவேற்பு, 1967 என்றார். 1956இல் வந்து 2002 வரை விற்ற ஃபிலிம் என்பதால் நானும் மறுக்கவில்லை. பதிந்ததைப் பல்லாண்டு விடாமல் வைத்திருக்கும் என்று பெயர் வாங்கிய ரகம். அதனால் அதை மேலும் கவனமாகச் செய்ய நினைத்தேன்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக் குளியலறை. குழாயில் தண்ணீர் 30 டிகிரி. கரும்புச்சாறு கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு 18க்குக் கொண்டுவந்தேன். பழைய ஃபிலிமில் வெயிலும் வயதும் சேர்ந்து ஒரு சாம்பல் மூட்டம் போட்டிருக்கும். குளிர்ந்த எச்.சி-110 மருந்தில், பென்சோடிரையசோல் கொஞ்சம் சேர்த்தால் அது அடங்கும். பான் ஃபிலிமில் சிவப்பு ஒளியும் பதியும் என்பதால் சிவப்பு விளக்குகூடக் கூடாது. கருப்புப் பைக்குள் கையை விட்டு, காகிதத்தைப் பிரித்து, வாலில் மூன்று செ.மீ. வெட்டி முதலில் அதை மட்டும் கழுவிப் பார்த்தேன். வாலில் படம் இருக்காது, மூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம் ரோலைச் சக்கரத்தில் ஏற்றத் தொடங்கினேன். அத்தனை வருடம் சுருண்டே கிடந்தது கோரைப்பாய் மாதிரி திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டது. கை வியர்த்து ஃபிலிமில் ஒட்டியது. 40 நிமிடம் ஆயிற்று. வெளியே வீட்டார் குளிக்கக் காத்திருந்தார்கள். சந்தா ரசீது எழுதுவது மட்டும் செயலாளர் வேலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

12இல் எட்டு படம் தெரிந்தது. பின்காகிதத்தின் மை இறங்கி, படங்களின் மேலேயே எண்களும் புள்ளிகளும் பதிந்திருந்தன. 5ஆம் படத்தில் ஈரமான தெரு, குடை பிடித்த ஒருவர், அவர் தோளுக்குப் பின்னால் தாதர் டி.டி.யில் நிற்கும் டிராம். டி.டி. என்பதே டிராம் டெர்மினஸ்தானே. பம்பாயில் கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31. தெருவில் மழை ஈரம். அப்படியானால் அதிகபட்சம் 1963 மழைக்காலம். கல்யாணத்துக்கு நாலு வருடம் முன்.

இதை நான் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். “அதுக்கப்புறமும் டிராம் ஓடித்து, நான் ஏறியிருக்கேன்” என்றார். அந்தக் குடைக்காரர் அவருடைய அண்ணா என்று பிறகு அவர் வீட்டு மாமியே சொன்னார். ரோலும் அண்ணாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து மூத்த உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தாவும் தருவதில்லை என்று சிலர் என் தலையில் போடுகிறார்கள். சந்தா அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே நிற்கிறது, நோட்டைப் பார்க்கலாம்.

மொத்தக் கணக்கு: லேபில் போனது ஒன்று, படம் வந்தவை ஏழு, முழுக்க மூட்டம் நாலு, எடுக்கவே எடுக்காத காலி ரோல் ஒன்று. மிச்சம் ஒன்று நான் கெடுத்தது. அது முதல் ரோல், வால் வெட்டிப் பார்க்காமல் நேரே டி-76 மருந்தில் போட்டேன். எல்லோரும் அவசரப்படுத்தினீர்கள்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. மருந்துக்கு அனுமதித்த ஐயாயிரத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் எச்.சி-110 பாட்டிலில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. அதைச் செலவில் எழுதுவதா கையிருப்பில் எழுதுவதா என்று பொருளாளரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். உறுப்பினர் 62 பேர், சந்தா 600 ரூபாய், கட்டியவர்கள் 23 பேர். “ஜிபே பண்ணிட்டேன் சார்” என்றவர்கள் 11 பேர், வங்கிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

கூடம் தந்தவர்களுக்கும், கருப்புப் பையைத் தைத்துத் தந்த தையல்காரருக்கும், கண்காட்சியில் நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், தலைவருக்கும் நன்றி. என் வீட்டாருக்கும்.

அடுத்த ஆண்டு இதைத் தொடர வேண்டுமா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் கருப்புப் பை, தெர்மாமீட்டர், பாட்டில் எல்லாவற்றையும் இன்றே தருகிறேன். வராவிட்டால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் ரோல் கொண்டுவரலாம். பிரித்துப் பார்க்காமல், டப்பாவோடும் உறையோடும் கொண்டுவரவும்.

நம் மூத்த உறுப்பினரின் எட்டுப் படங்களையும் பிரிண்ட் போட்டு ஒரு உறையில் வைத்திருக்கிறேன். உறை மேல் வருடம் எழுதவில்லை. என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகமும் அதே தட்டில்தான் இருக்கிறது.

செயலாளர்
மாட்டுங்கா, மும்பை