குடி அம்மாவுடையது, இரத்தம் என்னுடையது

ஆரையம்பதி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். தொலைபேசியில் சொன்னால் "அப்பா, யோசிக்காதீங்க" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதாலும், எழுத்தில் இருந்தால் லண்டனில் உன் வைத்தியரிடம் அப்படியே எடுத்துச் சொல்லலாம் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

மார்கழியில் என் இடது கால் வீங்கியது உனக்குத் தெரியும். முதல் நான்கு நாட்கள் நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் உனக்குச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் எழும்பாமல் இருந்து வந்த மறுநாள், கெண்டைக்கால் கட்டிப்போய் வலித்தது. நரம்பு பிசகியிருக்கும் என்று நானே முடிவுகட்டி, எண்ணெய் போட்டு உருவுவித்தேன். நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும்போது காலை உருவினால், அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள், விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து நிற்பதைக் கண்ட அம்மாதான் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார்: வலது 34 சென்ரிமீற்றர், இடது 38. மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சும்மா விடக் கூடாது என்று சொல்லி, அன்றே ஸ்கான் எடுக்க அனுப்பினார்.

இரத்தக்கட்டி ஏன் வந்தது என்று தேடியதில், என் உடலில் 'புரதம் எஸ்' குறைவு என்று இப்போது உறுதியாகியிருக்கிறது. காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும்; தேவை முடிந்ததும் அந்த உறைதல் நிற்கவும் வேண்டும். நிறுத்துகிற வேலையைச் செய்வது புரதம் சி, அதற்குத் துணை நிற்பது புரதம் எஸ். சியாட்டில் நகரில் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்த 'எஸ்' வந்ததாம் (பழைய விஞ்ஞான வாத்தியார், இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது). ஒரு விடயத்தைக் கவனமாக வாசி: முதல் தடவை என் இரத்தத்தைச் சோதித்தபோது நான் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குளிசை குடித்துக்கொண்டிருந்தேன், அந்தக் குளிசையே இந்தப் புரதத்தின் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் அந்த முடிவை நம்ப முடியாமல் போய்விட்டது. குளிசையை நிறுத்திச் சில வாரங்கள் பொறுத்து, மறுபடி இரத்தம் எடுத்துத்தான் தெளிவு கிடைத்தது. கர்ப்ப காலத்திலும் இது தானாகவே குறையும். ஆகவே சோதிப்பதானால் எப்போது சோதிப்பது என்பதை உன் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது எனக்கு என் கூடப்பிறந்தவளான உன் மாமியின் நினைவுதான் வந்தது. 1987இல், இரண்டாவது பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள் அவள் போனாள். துடக்குக் கழியும்வரை எழும்பி நடக்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள், தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார்கள். ஒரு கால் வீங்கியிருக்கிறது என்று அவள் சொன்னபோது பிள்ளை பெற்ற உடம்பென்றால் அப்படித்தான் என்றார்கள். பிறகு ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள், ஊரடங்கு நேரம், வாகனம் கிடைக்கவில்லை. குளிர் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. புரதம் எஸ் குறைவால் இரத்தம் உறைகிறது என்று மருத்துவ உலகமே 1984இல்தான் எழுதியது. எங்கள் ஊரில் அதை யார் அறிந்திருப்பார்கள்? அவளைச் சோதித்துப் பார்க்க இனி வழியில்லை. ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான ஆறு வாரங்கள்தான் இந்த நோய்க்கு மிக ஆபத்தான காலம் என்று வைத்தியர் சொன்ன அன்று நான் இரவு முழுதும் தூங்கவில்லை.

எங்கள் மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் இறங்கும். உனக்கும் தம்பிக்கும் அம்மாவின் குடிதான். இந்தக் குறை அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாது. தகப்பனிடமிருந்தும் வரும், தாயிடமிருந்தும் வரும், பெண்பிள்ளை ஆண்பிள்ளை என்றும் பார்க்காது. உங்கள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வந்தவர்கள் எல்லாருக்கும் கட்டி வருவதில்லை, வாழ்நாள் முழுதும் ஒன்றும் நடக்காதவர்களும் இருக்கிறார்கள். பயப்படுத்த எழுதவில்லை.

அடுத்ததை அம்மாவை எழுதச் சொன்னேன், "நீங்கதானே படிச்சது, நீங்களே எழுதுங்கோ" என்று தள்ளிவிட்டாள். கருத்தடைக் குளிசைகளில் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தவை இரத்தம் உறைவதைக் கூட்டும். நீ எதைக் குடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. தகப்பனுக்கு இப்படி வந்தது, மாமி பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தாள் என்ற இரண்டையும் உன் வைத்தியரிடம் சொல், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பிள்ளைக்கு எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே சொல். நான் மறுபடி குடிக்கும் வோபரின் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது. தேவைப்பட்டால் அதற்குப் பதிலாக ஹெப்பரின் வகை ஊசி போடுவார்கள்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வரப்போவதாகச் சொன்னாய். விமானத்தில் பதினொரு மணித்தியாலம், பிறகு கட்டுநாயக்கவிலிருந்து வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம். இடையிடையே எழும்பி நட, தண்ணீர் குடி, வாகனத்தை எங்காவது நிறுத்தச் சொல்லிக் காலாற இறங்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்துச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஆழ மூச்செடுக்கையில் நெஞ்சு குத்தினாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதே. கட்டாரில் இருக்கும் தம்பிக்கும் தனியாக எழுதுகிறேன். அவன் வாசிப்பானோ தெரியாது, நீயும் ஒருமுறை சொல்.

அம்மா தையல் பெட்டியில் இருந்து நாடாவை எடுத்து ஞாயிறுதோறும் என் கால்களை அளந்து கலண்டரில் குறிக்கிறாள். இந்த வாரம் வலது 34, இடது 35. வைத்தியரைப் பார்த்த திகதியை நீ எழுதி அனுப்பு. அதையும் அந்தக் கலண்டரில் குறித்த பிறகு ரிக்கெற் போடலாம்.

அன்புடன்,
அப்பா