மலைக்கோட்டையில் கோட்டை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி மலைக்கோட்டை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, படிகளின் எண்ணிக்கையோடும் உச்சிப்பிள்ளையார் பெருமையோடும் நின்றுவிட்டது. சென்ற ஆடிப்பெருக்கன்று என்னோடு படியேறிய பேத்தி, "கோட்டை எங்கே தாத்தா?" என்று கேட்டாள். கட்டுரையிலும் அதற்கு விடை இல்லை.

தஞ்சை நாயக்கருக்கு வல்லத்தைக் கொடுத்துத் திருச்சியைப் பெற்ற மதுரை விசுவநாத நாயக்கர் காலம் முதல் வலுப்பெற்ற கோட்டை அது. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகமது அலி உள்ளே இருக்க, அவருடைய போட்டியாளர் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டபோது ஊரைக் காத்தவை பாறையைச் சுற்றி வெகுதூரம் ஓடிய இரட்டை மதிலும் அகழியுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். நடத்துநர் கூவி இறக்கிவிடும் மெயின்கார்டு கேட்தான் எஞ்சிய வாசல். மதில் இருந்த தடத்தில் போட்ட 'பொலிவார்டு' (அகன்ற சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) சாலை மக்கள் வாயில் மேலப்புலிவார்டு ரோடு ஆகிவிட்டது. புலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோட்டைக்குப் பல நூற்றாண்டு முந்தியது, தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி மேலே ஏறும் வழியில் உள்ள குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயில். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. உள்ளே சிவபெருமான் உயர்த்திய கையில் சடைக்கற்றை ஒன்றைப் பிடித்திருக்க, கங்கை கைகூப்பியபடி அதில் இறங்குகிறாள். இந்தச் சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிப் பாடல்கள் உள்ளன. நதிகளிடம் பிரியம் கொண்ட ஈசன், சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு மனம் பறிகொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு வந்து இம்மலையிலேயே தங்கி, காவிரியைச் சுட்டி 'இவள் பல்லவனுக்கு உரியவள்' என்று சொல்லி வைக்கிறாளாம். சடையில் ஒருத்தியை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர் மீது அம்மைக்குச் சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. இன்னொரு பாடலில் ஈசனே, மண்ணில் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் எப்படிக் காண்பது என்று கேட்க, மன்னன் இந்த உயரத்தை அளிக்கிறான்.

காவிரித் தண்ணீரில் விளைந்ததை உண்ணும் நமக்கு இதைவிட நெருக்கமான கல்வெட்டு எது? ஆயினும் அன்று எங்களோடு ஏறிய கூட்டம் அந்தக் குகையைத் திரும்பியும் பாராமல் கடந்தது. பாடலின் பொருளைத் தமிழில் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பொறுப்பில் உள்ள துறையினர் குகை வாசலில் அப்பாடலுக்கு எளிய தமிழில் ஒரு பலகையும், மெயின்கார்டு கேட் அருகே பழைய மதிலின் தடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றும், அடுத்த ஆடிப்பெருக்கிற்குள் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவையாறு.