எங்கள் சமூக வானொலிக்குக் கைகொடுத்த உள்ளங்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் ஊரின் சமூக வானொலிக்கான நிதி சேகரிப்பைத் தொடக்கிவைத்த இசை மாலை, சென்ற சனிக்கிழமை சனசமூக நிலைய முன்றலில் நிறைவாக நடந்தேறியது. அந்த மாலையை உழைப்பாலும் கலையாலும் பொருளாலும் தாங்கி நின்ற அனைவருக்கும் வானொலி ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறோம். பெருந்தொகை தந்த ஓரிருவரை நம்பியிராமல், நூறு ரூபாவும் இருநூறு ரூபாவுமாக உண்டியலில் இட்ட கைகளாலேயே நிதியின் பெரும்பகுதி சேர்ந்தது என்பதை எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறோம். இந்த வானொலி எவருடைய விளம்பரத்துக்கும் விருப்பு வெறுப்புக்கும் கட்டுப்படாமல் இயங்க வேண்டுமானால், அதன் செலவை ஊர்தான் ஏற்க வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகச் சென்று சொன்னபோது, அதைப் பொறுமையோடு கேட்டவர்கள் அன்று மாலை குடும்பத்தோடு வந்து நின்றார்கள்.

முதல் நன்றி கலைஞர்களுக்கு உரியது. அவர்களில் எவரும் சன்மானம் கேட்கவில்லை. போக்குவரத்துச் செலவாகக் கொடுத்த சிறு தொகையையும் பலர் உண்டியலிலேயே இட்டுச் சென்றார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியை இசையுலகுக்குத் தந்த இணுவிலிலிருந்து வந்த நாதஸ்வர, தவில் குழுவினர், மறுநாள் விடியற்காலையில் ஒரு கலியாண வீட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தும், மங்கள இசையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு முழுக் கச்சேரியையே வழங்கினார்கள். தவில் தனி தொடங்கியதும், வீதியோரம் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்ற இளைஞர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து நிலத்தில் அமர்ந்ததைக் கண்டு, மேடையருகே நின்ற நாங்கள் நெகிழ்ந்து போனோம்.

பாசையூரிலிருந்து வந்த கூத்துக் குழுவினருக்கு எங்களால் ஒதுக்க முடிந்த நேரம் மிகச் சிறிது. தென்மோடி எனும் மரபில் அமைந்த கூத்தை விடிய விடிய ஆடிப் பழகியவர்களிடம் ஒரேயொரு காட்சியைக் கேட்பது எவ்வளவு கடினமான வேண்டுகோள் என்பதை அறிவோம். கூத்தைப் பழக்கி நெறிப்படுத்தும் அண்ணாவியார் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. பார்ப்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் ஏற்ற ஒரு காட்சியை அவரே தெரிந்தெடுத்தார். வரவுப் பாட்டும், இரு பாத்திரங்களின் தர்க்கமும், பிற்பாட்டுக்காரர்களின் குரலும், மிருதங்கமும் சேர்ந்து, கண்ணை மூடியிருந்தவர்களுக்கும் அரங்கைக் காட்டின. கூத்தை வானொலியில் எவ்வாறு தருவது என்று எங்கள் குழுவுக்குள் நெடுநாளாக நிலவிய தயக்கம் அன்றுடன் நீங்கியது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் ஐந்துசந்தியிலிருந்து வந்து இஸ்லாமிய கீதங்கள் பாடிய சகோதரர்களுக்கு எங்கள் நன்றி தனியானது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பல்லாண்டுகள் கழித்து மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இந்த வானொலியில் தங்களுக்கும் வாரந்தோறும் ஒரு நேரம் வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார்கள். அக்கேள்விக்கு எழுந்த கரவொலியைச் சபையின் தீர்மானமாகவே குழு ஏற்றுக்கொண்டுள்ளது. வயலின் வாசித்த பல்கலைக்கழக மாணவியருக்கும், தாங்களே எழுதி மெட்டமைத்த பாடல்களைக் கிற்றாருடன் பாடிய எங்கள் ஊர் இளைஞர்களுக்கும் நன்றி. அவ்விளைஞர்கள் பாடிய மீன்பிடித் துறைப் பாடலை எழுதித் தருமாறு பலர் கேட்டிருக்கிறார்கள்.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் இந்த மாதங்களில் திறந்த வெளியில் ஒலிப்பதிவு செய்வது இலகுவானதன்று. காற்று ஒலிவாங்கியில் மோதும் இரைச்சலே பாட்டை விழுங்கிவிடும். வாடகையில் பெரும் பகுதியை விட்டுக்கொடுத்த ஒலி அமைப்பாளர்கள், நண்பகல் முதல் அங்கிருந்து, ஒலிவாங்கிகளுக்குப் பஞ்சுறை இட்டு, மேடையின் தென்மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, தவிலின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்தார்கள். மேடைக்கு ஒரு கலவையும் பதிவுக்கு இன்னொரு கலவையுமாகப் பிரித்துத் தந்தது அவர்களுடைய யோசனை. அதனால் அன்றைய கச்சேரி முழுவதும் தெளிவான பதிவாக இப்போது எங்கள் கைவசம் உள்ளது. எங்கள் வானொலியின் முதலாவது நிகழ்ச்சியாக அதுவே ஒலிக்கும்.

இலங்கை வானொலியில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த அறிவிப்பாளர் ஒருவர் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க இசைந்தமை எங்களுக்குக் கிடைத்த பேறு. கொழும்பில் 1925 டிசெம்பர் 16ஆந் திகதி தொடங்கிய ஒலிபரப்பின் கதையையும், மகாவலிக் குடியேற்றக் கிராமங்களில் யுனெஸ்கோவின் உதவியுடன் 1981இல் தொடங்கிய சமூக வானொலியின் கதையையும், 1989இல் உருவான கொத்மலைச் சமூக வானொலியின் கதையையும் அவர் பாட்டுகளுக்கு இடையிடையே சில நிமிடங்களில் சொன்னார். மகாவலி வானொலியின் தயாரிப்பாளர்கள் கிராமங்களிலேயே தங்கி, அங்குள்ளவர்களைக் கொண்டே நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள் என்ற செய்தி எங்கள் தொண்டர்களின் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. கலையகத்துக்கு வருமாறு மக்களை அழைப்பதை விட, ஒலிப்பதிவுக் கருவியோடு வெங்காயத் தோட்டத்துக்கும் மீன் சந்தைக்கும் நாங்கள் செல்வதே முறை என்று முடிவு செய்திருக்கிறோம்.

முன்றலின் வாயிலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த சைக்கிளைப் பலரும் கண்டிருப்பீர்கள். மின்சாரமும் மின்கலமும் இல்லாத 1990களில், பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் பிபிசியின் தமிழோசையையும் திருச்சி வானொலியையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்ட தலைமுறைக்கு அது விளக்கம் வேண்டாத காட்சி. உண்டியலில் பணமிட்ட சிறுவர்கள் பெடலைச் சுற்றி, வானொலியிலிருந்து குரல் எழுந்ததும் கூச்சலிட்டார்கள். அருகில் நின்ற பாட்டிமாரும் அப்பப்பாமாரும் கேளாமலே கதை சொல்லத் தொடங்கினார்கள். அக்கதைகளில் சிலவற்றை எங்கள் தொண்டர்கள் அங்கேயே பதிவு செய்தார்கள். பழைய டைனமோ ஒன்றைத் தேடியெடுத்துப் பழுதுபார்த்துப் பொருத்தித் தந்த சைக்கிள் கடை ஐயாவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டுள்ளோம்.

மாதர் சங்கத்தினரின் சமையலைக் குறிப்பிடாமல் இம்மடல் நிறைவு பெறாது. நண்டும் இறாலும் மீனும், பயத்தங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் இட்டுப் பெரிய கிடாரத்தில் அவர்கள் காய்ச்சிய, உலர்த்திய பனங்கிழங்கு மாவாலான ஒடியல் கூழ், பனையோலைப் பிளாக்களில் பரிமாறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முடிந்துவிட்டது. விரதகாரருக்காக மரக்கறிக் கூழை வேறு அடுப்பில், வேறு அகப்பையோடு காய்ச்சிய அவர்களுடைய கவனம் எங்கள் நெஞ்சில் நிற்கிறது. கூழ் விற்ற பணம் முழுவதையும் அவர்கள் நிதிக்கே தந்துவிட்டார்கள். தங்கள் வளவில் காய்த்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை ஏலத்துக்குத் தந்த குடும்பத்தினருக்கும், ஏலத்தில் எடுத்த பழத்தை மீண்டும் ஏலத்துக்கே கொடுத்து விலையை ஏற்றிய அன்பர்களுக்கும் நன்றி.

பிரதம விருந்தினர் கதிரை, மாலை மரியாதை, பொன்னாடை ஆகியவற்றை இம்முறை தவிர்க்க விரும்பினோம். அவ்விருப்பத்தை மதித்து, பொதுமக்களோடு ஒரே பாயில் அமர்ந்து இசை கேட்ட அதிகாரிகளுக்கும், அதிபர்களுக்கும், மதகுருமாருக்கும் எங்கள் பணிவான நன்றி. வாங்குகள் தந்த பாடசாலைக்கும், பந்தல் இட்ட விளையாட்டுக் கழகத்தினருக்கும், மின்பிறப்பாக்கி தந்தவருக்கும், இரவில் ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொண்ட அயலவருக்கும், குறிப்பாக உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் நன்றி. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களிலிருந்து பணம் அனுப்பிய உறவுகள், இணையத்தின் வழியே வேலை நேரத்திலும் நிகழ்ச்சியைக் கேட்டு எழுதிய வரிகளை அச்சிட்டு நிலையச் சுவரில் ஒட்டியுள்ளோம்.

சேர்ந்த நிதியின் பயன்பாட்டை அறிவதற்கு உங்கள் அனைவருக்கும் உரிமை உண்டு. சனசமூக நிலையத்தின் பின்னறையை எதிரொலி அடங்கிய கலையகமாக மாற்றுவதும், ஒலிவாங்கிகள், கலவைக் கருவி, வெளியிடப் பதிவுக் கருவி, மின்தடையின்போது கைகொடுக்கும் மின்கலத் தொகுதி ஆகியவற்றை வாங்குவதும் முதற் கட்டப் பணிகள். பண்பலை ஒலிபரப்புக்கு அலைவரிசை ஒதுக்கீடும் அரச அனுமதியும் பெற வேண்டும். அது கைகூடும் வரை இணையத்தின் வழியே ஒலிபரப்புவோம். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. எங்கள் குடாநாட்டில் கோபுரம் அமைக்கக் குன்றுகளும் இல்லை. ஆகவே கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்தே குரல் எட்டும் தூரம் அமையும். அது செலவு மிக்க பணியாதலால் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியுள்ளோம். வரவும் செலவும் பற்றுச்சீட்டுகளோடு நிலைய அறிவித்தல் பலகையில் மாதந்தோறும் இடப்படும். எவரும் வந்து பார்வையிடலாம், கேள்வி கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் நடைபெறவிருக்கும் குரற் பயிற்சிக்கும் ஒலிப்பதிவுப் பயிற்சிக்கும் பெயர் தந்திருக்கும் பிள்ளைகளுக்கும், தோட்ட வேலை முடித்து வந்து பெயர் பதிந்த மூத்தோருக்கும் எங்கள் அன்பான வரவேற்பு. தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, விழா முடிந்த பின்னர் நள்ளிரவு வரை நின்று முன்றலைக் கூட்டித் துப்புரவு செய்தவர்களுக்கும் இம்மடலின் வழியே எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

நன்றியுடனும் அன்புடனும்,
சமூக வானொலி ஒருங்கிணைப்புக் குழுவினர்,
யாழ்ப்பாணம்.