வயற்பசளையை வடிச்சலில் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு வாவியில் பாசி படரும்போதெல்லாம் பழி வயற்பசளை மேல் விழுகிறது. பழி சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாவியில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி அதைத் தீர்மானிக்க முடியாது. வீட்டுக் கழிவுநீரும் அங்கேதான் கலக்கிறது. வட்டையின் (வயற்றொகுதியின்) வடிச்சல் வாய்க்காலில், நாளொன்றுக்கு எத்தனை கிலோ நைதரசனும் பொசுபரசும் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நீரோட்டம் தெரிய வேண்டும். மேல்விளிம்பில் V வடிவில் 90 பாகை வெட்டுள்ள பலகையை வாய்க்காலுக்குக் குறுக்கே பதித்தால், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 செ.மீ. நிற்கையில் செக்கனுக்கு ஏறக்குறைய 4.4 லீற்றர் வழியும், 20 செ.மீ. என்றால் 24.7 லீற்றர். இரு வேளையும் நைதரசன் லீற்றருக்கு 2 மி.கி.தான் என்றாலும், முதலாவதில் நாளுக்கு முக்கால் கிலோ, இரண்டாவதில் நாலேகால் கிலோ. பலகையோரம் நீர் தாழ்ந்து வளையும்; ஆகவே அளவுகோலை நீர் உயரத்தின் நான்கு மடங்காவது தள்ளி, நீர் வரும் பக்கத்தில் நடுங்கள். முகத்துவாரம் மூடி வாவி மட்டம் ஏறினால், கீழ்ப்புற நீர் வெட்டை மூழ்கடித்துவிடும், கணக்கு செல்லாது. அப்போது மிதவை விட்டு, அதன் வேகத்தை 0.85 ஆலும் குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கலாம்.

நைத்திரேற்று இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டியை மட்டும் நம்புவதுதான் பெரிய பிழை. நீர் கட்டிய வயலில் ஒட்சிசன் குறைவு. எறிந்த யூரியா முதல் சில நாள் யூரியாவாகவே ஓடும், பிறகு பெரும்பாலும் அமோனியமாக. பட்டி நிறம் மாறாது, நைதரசனோ போய்க்கொண்டிருக்கும். மொத்த நைதரசனையே சோதிக்க வேண்டும். பொசுபரசு பெரும்பாலும் சேற்றுத் துகளில் ஒட்டிப் போகும். உழவு நாளில் கலங்கிவரும் நீரைத் தெளியவைத்துச் சோதித்தால் அது போத்தல் அடியிலேயே தங்கிவிடும். பொசுபேற்றுள்ள சவர்க்காரத் தூளால் கழுவிய போத்தல் இல்லாததையும் காட்டும்; ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும் காய்ச்சி வடித்த நீருமே போதும். மாதிரி ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வுகூடம் சேர வேண்டும்.

மாதம் ஒருமுறை என்ற அட்டவணை எதற்கும் உதவாது. மேற்கட்டுப் பசளை (பயிர் வளரும்போது இடும் பசளை) எறிந்த நாள் முதல் ஒரு கிழமை தினமும், மழை கொட்டினால் மணிக்கொரு தடவையும் எடுக்க வேண்டும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் பாய்ச்சல் நீரையும் அதே நாளில் அளந்து கழிக்காவிட்டால், குளத்துச் சரக்கும் விவசாயி கணக்கில் ஏறும்.

வரும் பெரும்போகத்தில் அடுத்தடுத்த இரு வட்டைகளை எடுத்து, ஒன்றில் யூரியா எறிந்தபின் ஐந்து நாள் வக்கடையை (வரம்பில் நீர் வெளியேறும் வாயை) அடைத்துவைத்து, மற்றதை வழமைபோல் விட்டு, இரண்டு வடிச்சலையும் இப்படி அளக்கும்படி விவசாய, நீர்ப்பாசனத் திணைக்களங்களைக் கேட்கிறோம்.

நீர்ப் பரிசோதனைத் துறையினர் சிலர்,
களுவாஞ்சிக்குடி.