வயர் இல்லையென்றால் ஆபத்தும் இல்லையா?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா, தங்கள் ஞாயிறு இதழில் திரெட் றொட் (சீலிங் தொங்கவிட நாங்கள் பாவிக்கும், நீளமெல்லாம் புரி வெட்டிய இரும்புக் கம்பி) வெட்டும் பற்றரிக் கருவி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் தொழிலுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லத்தான் பேனையை எடுத்திருப்பேன். ஆனால் நடுவில் ஒரு வசனம் வருகிறது: "மின்வயர் இல்லாததால் எவரும் பயமின்றி இதனைக் கையாளலாம்." அதை வாசித்த பிறகு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

கரண்ட் அடிக்காது, வயர் காலில் தடக்காது, நெருப்புப் பொறி பறக்காது. இவ்வளவும் உண்மை. றொட்டைக் கிறைண்டரால் வெட்டிக் காலம் தள்ளியவனுக்கு அதன் அருமை தெரியும். நாலு இஞ்சித் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். என்னோடு சீலிங் வேலை செய்த ஒருவரின் கருவிழியில் இரும்புத்தூள் ஏறியது. தூளை எடுத்த பிறகும் துரு வளையமாகப் படிந்து, அதைச் சுரண்டி எடுக்க அவர் திரும்பவும் கண் வார்ட்டுக்குப் போகவேண்டி வந்தது. ஆகவே புதிய கருவிக்கு நான் எதிரி அல்ல.

ஆனால் 10 மில்லிமீற்றர் றொட்டை ஒரே கடியில் துண்டிக்கும் விசை அதன் வாயில் இருக்கிறது. அந்த வாயை உங்கள் கட்டுரையாளர் கிட்டப் பார்த்தாரா என்று கேட்க விரும்புகிறேன். அங்கே டை என்று நாங்கள் சொல்லும் இரண்டு உருக்குத் துண்டுகள் உண்டு. ஒன்று அசையாது, மற்றது நகர்ந்து வந்து றொட்டைக் கத்தரிக்கும். இரண்டிலும் புரி வெட்டப்பட்டிருக்கும். றொட்டின் புரி அந்தப் புரிக்குள் சரியாக உட்கார்ந்த பிறகுதான் சுவிச்சைத் தொடவேண்டும். அப்படி வெட்டினால் அரம் போடாமலே நட் ஏறும். சரியாக உட்காராவிட்டால் புரி நசுங்கும், டை உடையும், உடைந்த சில்லு கண்ணுக்கு வரும்.

எங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே இரும்புக்கடையில் மூன்று நூல் றொட்டும் 10 மில்லிமீற்றர் றொட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று நூல் என்பது 9.5 மில்லிமீற்றர், இஞ்சிக்கு 16 புரி. மற்றதற்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு ஒரு புரி. ஒன்றின் டையில் மற்றதை வைத்து வெட்டக்கூடாது. 8.8, 10.9 என்று பலத்தைக் காட்டும் எண் அடித்திருக்கும் கடின உருக்கையும் இதற்குள் கொடுக்கக்கூடாது. கட்டுரையில் இதில் ஒரு சொல்லாவது இல்லை. கருவியின் நிறமும் பாரமும் இருக்கின்றன.

படத்தையும் சொல்லவேண்டும். ஒரு பொடியன் பிளாஸ்ரிக் கதிரையில் செருப்போடு நிற்கிறான். கண்ணில் கண்ணாடி இல்லை. முகட்டில் தொங்கும் றொட்டை வெறுங்கையால் கருவியின் வாய்க்குக் கிட்டப் பிடித்திருக்கிறான். ஒரு மீற்றர் 10 மில்லிமீற்றர் றொட் ஏறத்தாழ அரைக் கிலோ. வெட்டுப்பட்டதும் அது கீழேதான் வரும். கீழே நிற்பவன் தலை என்னாவது? கருவியைக் கயிறு போட்டுக் கட்டியதாகவும் தெரியவில்லை.

இதைக் கோபத்தில் மட்டும் எழுதவில்லை, கண்டதால் எழுதுகிறேன். நகரில் ஒரு கட்டட வேலையில் எங்களுடன் நின்ற பொடியன், டை மாற்றும்போது பற்றரியைக் கழற்றவில்லை. கழற்றவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவுமில்லை. ஒரு கையில் கருவி, மறு கை அதன் வாய்க்குள். பிடியை இறுக்கியபோது சுவிச்சும் சேர்ந்து அழுந்தியது. நடுவிரலின் நுனிக்கணு போய்விட்டது. கொந்தராத்துக்காரர் மருந்துச் செலவுக்கு ஏதோ கொடுத்தார், அதற்குப் பிறகு அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வேலையாட்களுக்கு நட்டஈட்டுச் சட்டம் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவன் வீட்டிலும் தெரியாது.

இப்படியானவை தங்கள் பத்திரிகையில் வருவது நாலு வரியில். இளைஞர் உயரத்திலிருந்து வீழ்ந்து மரணம், ஊர், வயது, சடலம் உறவினரிடம் ஒப்படைப்பு. ஏறி நின்று வேலை செய்யும் சாரத்தை யார் கட்டியது, விழாமல் பிடிக்கும் இடுப்புப் பட்டி கொடுத்தார்களா என்று எந்த நிருபரும் கேட்டு எழுதியதை நான் வாசித்ததில்லை. உயர்தரப் பெறுபேறு வந்தால் கணிதப் பிரிவில் முதலிடம் எடுத்துப் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளையின் படம் முதற்பக்கத்தில் வரும். சந்தோசம். அந்தப் பொறியியலாளர் கீறுவதைக் கையால் செய்து முடிக்கும் பிள்ளைகளின் விரலுக்கும் கொஞ்சம் இடம் தரக்கூடாதா? சாரம் பற்றி முன்னர் ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. என் எழுத்தில் குறை இருந்திருக்கலாம், விடயத்தில் குறை இருக்கவில்லை.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் பற்றரிக்கே தடை விதிக்கப்பட்டிருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். மின்சாரம் இல்லாமல் இரும்பறுக்கும் வாளால் கையாலேயே றொட் அறுத்தோம். அறுக்க முதல் ஒரு நட்டைப் போட்டுவை, அறுத்த பிறகு அதைக் கழற்றினால் புரி தானாய்ச் சுத்தமாகும் என்று சொல்லித்தர அப்போது வேலைக்குத் தலைமை தாங்கும் ஒரு மேத்திரியார் இருந்தார். சொன்னபடி செய்யாவிட்டால் பேச்சு விழும். அந்த மேத்திரிமார் பலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் இல்லை. இன்றைய பொடியன் கருவியை வாங்குகிறான், போனில் வீடியோ பார்க்கிறான், அடுத்த நாள் வேலைக்கு வருகிறான். நான் பிரித்துப் பார்த்த பெட்டிகள் எதிலும் தமிழில் கையேடு இருக்கவில்லை. அப்படியிருக்க, அவன் கைக்குத் தமிழில் அச்சாகி வந்த ஒரே அறிவுறுத்தல் தங்கள் பத்திரிகையின் அந்த ஒற்றை வசனம். அதை அவன் நம்புவான். பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று எனக்கே திருப்பிச் சொல்வான். என்னைக் கொதிக்க வைத்தது இதுதான், ஐயா.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். டை மாற்ற முதலும் வாய்க்குள் விரல் வைக்க முதலும் பற்றரியைக் கழற்றவேண்டும். றொட்டின் அளவும் புரியும் டையோடு பொருந்தவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டும். பாரம் தாங்கி நிற்கும் றொட்டை வெட்டக்கூடாது. கீழே ஆட்களை நிற்க விடக்கூடாது. ஐந்தாறு வரி போதும். படம் போடுவதானால் கண்ணாடி போட்ட ஒருவரின் படத்தைப் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே வந்து நிற்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.