சாவி இல்லாமல் திறக்கும் கிரில் வேண்டும்

பினாங்கில் மாணவர் விடுதி நடத்தும் நம் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தை முன்னாள் மாணவர்களுக்கும் அனுப்பியிருந்தீர்கள், நன்றி. நான்கு பேருக்கு ஓர் அறை, ஏர்கோன், ஆளுக்கொரு மேசை. முப்பது பேர் ஒரே கூடத்தில் இரும்புக் கட்டிலில் படுத்து எழுந்த எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னல்தோறும் சுவரில் பதித்த கிரில், மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

விடுதிப் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டுவது இன்று வந்ததல்ல. இங்கிலாந்தில் 1440இல் தொடங்கிய ஈட்டன் பள்ளியில், உதவித்தொகை பெற்ற 70 பையன்களை ஒரு நீண்ட கூடத்தில் விட்டு இரவு முழுக்கப் பூட்டிவிடுவார்கள். 1840களில்தான் புதுக் கட்டடம் எழுப்பி, அவர்களில் பலருக்குத் தனி அறை கொடுத்தார்கள். அந்த நாட்டுப் பள்ளிகளைப் பார்த்து 1905இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி வந்தபோது, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் தூண்களும் திறந்த தாழ்வாரமுமாகக் கட்டினார்கள். அப்புறம் கான்கிரீட் மாடிகள், சன்னலில் சாய்த்துத் திறக்கும் நாக்கோ கண்ணாடிப் பட்டைகள். கள்ளனுக்குப் பயந்து கிரில்.

2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. மேல்மாடியில் 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். சன்னல் கிரில் திறக்கவில்லை. இன்னொரு வழி சுவரால் அடைபட்டிருந்தது.

எங்கள் காலத்திலும் இரவு பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்டுவார்கள். ஒரு தீபாவளி விடுமுறைக்கு முந்தின இரவு, துணி தேய்க்கும் மூலையில் பிளக் கருகிப் புகைந்தது. வார்டன் மருந்து வாங்க வெளியே போயிருந்தார், சாவி அவர் சட்டைப்பையில். யாரோ மெயின் சுவிட்சை அணைத்ததால் தப்பினோம். அதுவும் அந்தச் சுவிட்ச் கூடத்துக்கு உள்ளேயே இருந்ததால்.

பூட்டாவிட்டால் பையன்கள் சுவரேறி நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு ஓடுவார்கள் என்பீர்கள். ஓடுவார்கள்தான், நானும் ஓடியிருக்கிறேன். அதற்கு ஒரு காவலாளி போதும். கிரில் வேண்டுமென்றால் போடுங்கள், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிற மாதிரி. அறைகளுக்கு வெளியே ஒரு தாழ்வாரமும் விடுங்கள். கரண்ட் போனால் ஏர்கோன் அறையில் எப்படித் தூங்குவது?

செலவு கூடும், இடம் இல்லை என்று யாராவது சொல்லலாம். வரைபடத்தில் கிழக்கு ஓரம் சாமான் அறை என்று போட்டிருக்கிறதே, இரண்டாவது படிக்கட்டு அங்கே தாராளமாக இறங்கும்.

அன்புடன்,
முன்னாள் மாணவன் ஒருவன், ஜெலுத்தோங்